பாவாடைக்காரி வீடு

காசில்தாவை வழியில் நிறுத்தி "நீ யாரும்மா?" என்று கேட்டால் தன் பேரைச் சொல்ல மாட்டாள். "பாவாடைக்காரி வீடு" என்பாள். சொல்லிவிட்டு, கேட்டவர் முகம் என்ன ஆகிறது என்று நின்று பார்ப்பாள். வெளியூர்க்காரர் திருதிருவென்று முழிப்பார். உள்ளூர்க்காரர் கேட்கவே மாட்டார். வில்லாசோர்தோவில் யார் எந்த வீடு என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

வீட்டுப் பேர்கள் எல்லாம் கோயிலிலிருந்து வந்தவை. யாத்திரைக்காரர்கள் சந்தியாகப்பர் கல்லறைக்கு நடந்து போகிற பாதை எங்கள் ஊருக்குள் நுழைகிற இடத்தில், கோதுமை வயல் ஓரமாக, புனித பெலாயோ கோயில் நிற்கிறது. அதன் பின்சுவர் அரைவட்டமாக வளைந்திருக்கும். கூரை விளிம்பைத் தாங்க வரிசையாகக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கல்லின் முனையிலும் ஓர் உருவம். நடு ஜன்னலுக்கு மேலே இறக்கை விரித்த தேவதூதன். அப்புறம் பிடில் வாசிக்கிற கழுதை, முயலைக் கவ்விய நாய், பீப்பாயைக் கட்டிப்பிடித்துக் குடிக்கிறவன், காலில் முள் எடுக்கிறவன். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொத்தன் என்ன நினைத்துக்கொண்டு செதுக்கினானோ, அவனுக்கே வெளிச்சம். ஊர்க்காரர்கள் அவற்றை வீட்டுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பிள்ளை பிறந்தால் தன் வீட்டுக் கல்லுக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். செத்தால் பெட்டியை அந்தக் கல்லுக்கு அடியில் இறக்கிவைத்துவிட்டுத்தான் கல்லறைக்குக் கொண்டு போக வேண்டும். ஜூன் மாதம் பெலாயோ திருநாளில் பூசை முடிந்ததும் எல்லா வீட்டாரும் அவரவர் கல்லுக்குக் கீழே போய் நிற்பார்கள். பங்குச்சாமியார் தீர்த்தத்தோடு வரிசையாக வருவார். தினம் பார்க்கிற முகமே ஆனாலும், முன்னால் நின்று "எந்த வீடு?" என்று கேட்பார். வீட்டார் பேரைச் சொன்ன பிறகுதான் கல்லின் மேல் தீர்த்தம் விழும். ஒரு வீட்டுக்குத் தீர்த்தம் விழாமல் அடுத்த வீடு வாய் திறக்கக் கூடாது. அந்தச் சுவருக்கு அடியில் நின்று பதில் சொன்னவர் அந்த வீட்டுக்குச் சொந்தம். அதனால் விளையாட்டுக்குக்கூட யாரும் அங்கே வேறு வீட்டுப் பேரைச் சொல்வதில்லை.

இப்போது பாவாடைக்காரி கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குந்தி உட்கார்ந்த ஒருத்தி, இரண்டு கையாலும் பாவாடையை இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவுதான். மழையில் மூக்கு தேய்ந்துவிட்டது, சிரிப்பு தேயவில்லை.

காசில்தா பிறந்தது அந்த வீட்டில் இல்லை. அவள் தேவதூதன் வீட்டுப் பெண். ஊரின் முதல் தீர்த்தம் அவர்களுக்கு, திருநாள் கொடி தூக்குகிற உரிமை அவர்களுக்கு, கோயிலில் முன்வரிசை அவர்களுக்கு. பத்தொன்பது வயதில் அவள் பாவாடைக்காரி வீட்டு எவென்சியோவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அவன் ஆடு மேய்ப்பவன், அதிர்ந்து பேசாதவன், அவளைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட மறந்துவிடுகிறவன்.

"தேவதூதன் ரெக்கைக்குக் கீழ இருந்தவ, அவ பாவாடைக்குக் கீழ போய் நிக்கப் போறியாடி?" என்று அம்மா அழுதாள்.

"மழைக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள் காசில்தா.

அதற்கப்புறம் அம்மா அவளோடு பேசவில்லை.

பாவாடைக்காரி வீட்டார் திருநாளுக்குக் கடைசியில் வந்து முதலில் கிளம்பிவிடுகிறவர்கள். மாமியார் எவுதீக்கியா முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொள்வாள். பழைய சாமியார் ஒரு குறும்புக்காரர். "எந்த வீடு?" என்பார். எவென்சியோ வாய்க்குள் முனகுவான். "என்னது? சத்தமா சொல்லு!" என்பார். ஊரே அதற்காகக் காத்திருக்கும். இன்னொரு தரம் முனகுவான். "இன்னும் சத்தமா!" சிரிப்பு கோயில் சுவரில் மோதித் திரும்பும். வருஷா வருஷம் இதுதான் கூத்து.

காசில்தா கல்யாணமாகி வந்த முதல் திருநாள். சாமியார் கேட்டார். எவென்சியோ முனகினான். "சத்தமா சொல்லு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் காசில்தா நிமிர்ந்தாள்.

"பாவாடைக்காரி வீடு, சாமி! வயல் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். இன்னொரு தரம் வேணுமா?"

புருஷன் பக்கத்தில் நிற்கும்போது புது மருமகள் வாய் திறந்தது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். சாமியார் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு நகர்ந்தார். அன்று மத்தியானம் ஆட்டிறைச்சி வறுவலில் நல்ல துண்டு எதுவோ, அதை எவுதீக்கியா மருமகள் தட்டில் வைத்தாள். அடுத்த வருஷம் முக்காடு நெற்றிக்கு ஏறியிருந்தது.

அந்தக் கல்லுக்கு இன்னொரு ரகசியம் உண்டு. ரகசியம் என்று பேர்தான், ஆண்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிகள் அதற்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றால் பிரசவம் லேசாகும். பகலில் அந்த வீட்டைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவள் எல்லாம் அந்தி சாயும்போது கோழியைத் தேடுகிற சாக்கில் கோயில் பின்பக்கம் வந்து நிற்பாள். பக்கத்துக் கல்லுக்குச் சொந்தக்காரியான பீப்பாய் வீட்டு பசிலிசா மூன்று பிள்ளைக்கும் வந்தாள். வாயால் வாழ்கிறவள் அவள். காசில்தாவை எங்கே கண்டாலும் "காத்து பலமா அடிக்குது, பாவாடையைப் பாத்துக்கடி!" என்பாள். "உங்க வீட்டுப் பீப்பாய்க்காரனுக்கு இன்னும் தெளியலையா?" என்பாள் காசில்தா. பசிலிசாவின் புருஷனும் பெரும்பாலும் தெளியாதவர்தான்.

வருஷா வருஷம் அந்தக் கல்லுக்குக் கீழே நின்ற காசில்தாவுக்குத்தான் பிள்ளை இல்லை. அதைச் சொல்லியும் சிரித்தார்கள். எவென்சியோ ஒரு பனிக்காலத்தில் ஆடுகளோடு மாட்டிக்கொண்டு, நெஞ்சில் சளி கட்டி, வசந்தம் வருவதற்குள் போய்விட்டான். மாமியாரும் போனாள். காசில்தாவும் கறுப்பி என்ற பசுமாடும் மிஞ்சினார்கள்.

பிறகு அவளுடைய அம்மா செத்தாள். பெட்டியைத் தேவதூதனுக்குக் கீழே இறக்கினார்கள். பெற்ற மகளே ஆனாலும் வேறு வீட்டுக்குப் போனவள் அங்கே நிற்க முடியாது. அவள் தன் கல்லுக்குக் கீழே போய் நின்றாள். சுவர் வளைந்து போகிற இடம். அங்கிருந்து பெட்டி தெரியாது. "எந்த வீடு?" என்று சாமியார் கேட்டதும், "தேவதூதன் வீடு" என்று தம்பி ஒனோரினோ சொன்னதும் காதில் விழுந்தன. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அன்று அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

1965 சந்தியாகப்பருக்குப் புனித ஆண்டு. முதுகில் மூட்டையும் கழுத்தில் யாத்திரை அடையாளமான சிப்பியுமாக யாத்திரைக்காரர்கள் ஊருக்குள் வந்தபடி இருந்தார்கள். கார் வைத்திருப்பவர்கள் காரிலும் வந்தார்கள். புதுச் சாமியார் தோன் சதூரியோ கோயிலுக்குள் ஒரு சாந்துச் சொரூபம் வைத்திருந்தார், ரோஜா நிறக் கன்னமும் கண்ணாடிக் கண்ணுமாக. வந்தவர்கள் அதற்கு ஒரு சிலுவை போட்டுவிட்டு நேரே பின்பக்கம் போய் அண்ணாந்தார்கள். ரோமானெஸ்க் சிற்பக்கலை என்றார்கள், பன்னிரண்டாம் நூற்றாண்டு என்றார்கள். பாவாடைக்காரியைப் பார்த்ததும் படிப்பாளிகளும் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். காலெல்லாம் கொப்புளமாக வந்த ஒரு ஜெர்மன்காரி கல்லுக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது யாரு?" என்று கையால் கேட்டாள். "எங்க வீட்டுக்காரி" என்று காசில்தா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தோன் சதூரியோவுக்கு வயிறு எரிந்தது. அந்த வருஷத் திருநாளுக்கு ஆயர் வருகிறார், பிரெஞ்சு விருந்தாளிகளோடு வருகிறார், அவரே தீர்த்தம் தெளிக்கப் போகிறார் என்று சேதி வந்ததும் எரிச்சல் பயமாக மாறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் முகப்பில் ஊர்க்கூட்டம் கூடியது. பெண்களில் புருஷன் இல்லாத தலைக்கட்டுகள் மட்டும் பேசலாம். ஊர்த்தலைவர் ஒனோரினோ. ஆமாம், தம்பிதான்.

அவர் ஒருநாளும் பாவாடைக்காரி வீடு என்று சொன்னவர் இல்லை. "அந்த வீடு" என்பார். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"அந்த வீட்டுக் கல்லைப் பிடுங்கப் போறதில்லக்கா. தீர்சோ மேலாக்க கொஞ்சம் கொத்தி, ரோஜாப்பூவா மாத்திடுவான். ரோஜா வீடுன்னு பேரு. கேக்கவே எவ்வளவு மரியாதையா இருக்கு!"

"உன் தேவதூதனைக் கொத்தி முட்டைக்கோசா மாத்திக்கடா. முட்டைக்கோசு வீடு. கேக்கவே பசி எடுக்குது."

கூட்டம் சிரித்தது. தோன் சதூரியோ கையை உயர்த்தினார்.

"காசில்தா, அது பாவத்தோட உருவம். ஆயர் கண்ணுல படலாமா?"

"எண்ணூறு வருஷமா இங்க பூசை நடக்குது சாமி. இதுக்கு முன்னாடி வந்த ஆயருங்க எல்லாரும் குருடங்களா?"

"வாயை அடக்கிப் பேசு!"

"கல்லு அவ்வளவு பேசுது, நான் பேசக் கூடாதா? கொத்த விட மாட்டேன். ஊர் முழுக்கச் சரின்னு சொன்னாலும் விட மாட்டேன்."

ஊர் முழுக்கச் சரி என்றுதான் சொன்னது. ஆயருக்கு முன்னால் யாருக்கு வம்பு?

சாயங்காலம் ஒனோரினோ தனியாக அவள் வீட்டுக்கு வந்தார். அந்த வாசற்படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. அவள் அடுப்பில் பூண்டுச் சூப்பு வைத்திருந்தாள். அவர் நின்றபடியே பேசினார்.

"அக்கா, கோவப்படாம கேளு. உனக்குப் பிள்ளை இல்ல. உன்னோட அந்த வீடு முடிஞ்சுபோகுது. நீ போனா, பெட்டிக்கு முன்னாடி 'எந்த வீடு'ன்னு கேக்கறப்ப பதில் சொல்லக்கூட நாதி இல்ல. அந்தக் கல்லை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? எங்ககிட்டயே வந்துடு. சாமிகிட்ட பேசிட்டேன். இந்தத் திருநாளுக்கே தேவதூதனுக்குக் கீழ எங்ககூட நில்லு. அம்மா பெட்டி இறங்கின இடத்துலயே உன் பெட்டியும் இறங்கும். நான் பதில் சொல்றேன்."

காசில்தா கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஆசையாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்பவே ஆசையாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாளோ என்றுகூடத் தோன்றியது.

"ஒண்ணு செய்" என்றாள். "நான் இத்தனை வருஷம் சோறு தின்ன வீட்டுப் பேரு என்ன? உன் வாயால ஒரே ஒரு தரம் சொல்லு. அப்புறம் யோசிக்கறேன்."

ஒனோரினோ வாயைத் திறந்தார். காது சிவந்தது. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த வீடுதான்..."

"பாத்தியா" என்றாள் அவள். "எவென்சியோ பெட்டி இறங்கின இடம் எனக்குப் போதும். சூப்பு குடிக்கறியா?"

அவர் குடிக்கவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் கொத்தன் தீர்சோ ஏணியோடும் உளியோடும் வந்தான். கல்லுக்குக் கீழே வைக்கோல் நாற்காலி போட்டு காசில்தா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தீர்சோ ஏணியைக் கீழே சாய்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். வீட்டார் கீழே நிற்கும்போது அந்த வீட்டுக் கல்லின் மேல் உளி படக் கூடாது. முன்பு கூரை பழுது பார்த்த காலத்திலிருந்து வருகிற வழக்கம்.

சேதி போய் ஒனோரினோ வந்தார்.

"வீட்டார் நிக்கறப்பதான் தொடக் கூடாது. இவ உக்காந்துல்ல இருக்கா? அடிடா."

தீர்சோ யோசித்தான். முள்ளெடுக்கிறவன் வீட்டுக்காரன், எதையும் மெதுவாகத்தான் யோசிப்பான். "உக்காந்தா நிக்கறதுல சேருமா சேராதா?" என்று கேட்டான்.

காசில்தா எழுந்தாள். நாற்காலியைக் காலால் ஓர் உதை விட்டாள். அது வயல் ஓரம் போய் விழுந்தது, பட்டாணி நாலாபுறமும் சிதறியது.

"இப்ப சேருமா?" என்றாள். "அடி தீர்சோ. சில்லு என் தலையில விழட்டும். நாளைக்கு ஆயர் அதுக்கும் சேத்துத் தீர்த்தம் தெளிக்கட்டும்."

"போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்றார் ஒனோரினோ.

"கூப்பிடு. அவங்க அம்மாவும் இந்தக் கல்லுக்குக் கீழ வந்து நின்னுதான் அவங்களைப் பெத்திருப்பா."

தீர்சோ உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஒனோரினோவுக்குக் கோபம் வந்தாலும் நிதானம் தப்பவில்லை. "இரு. அவ எவ்வளவு நேரம் நிப்பா? மாட்டுக்குப் பால் கறக்கப் போய்த்தானே ஆகணும்" என்றார்.

வெயில் ஏறியது. காசில்தா நின்றாள். பாதையில் போன யாத்திரைக்காரர்கள் அண்ணாந்து கல்லைப் பார்த்தார்கள், குனிந்து அவளைப் பார்த்தார்கள். ஒருத்தர் தண்ணீர்க் குடுவையை நீட்டினார். சாயங்காலம் ஆனதும் கறுப்பி கத்த ஆரம்பித்தது. மடி கட்டின மாட்டின் கத்தல் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். ஊர் முழுக்கக் கேட்டது. காசில்தா பல்லைக் கடித்தாள். தன் கால் வலித்ததற்கு வராத கண்ணீர் மாட்டுக்காக வந்தது. தீர்சோ ஏணிக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

திடீரென்று கத்தல் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் வளைவைத் தாண்டி பசிலிசா வந்தாள். கையில் பால் வாளி, பாவாடையெல்லாம் சாணி.

"உன் மாடு உன்னை மாதிரியே உதைக்குது" என்றாள். "இந்தா, குடி. செத்துகித்துப் போயிடாதே, நாளைக்குத் திருநாள். பொணத்தை வச்சுக்கிட்டு ஆட்டிறைச்சி எப்படித் தின்னறது?"

காசில்தா வாளியோடு வாயில் வைத்துக் குடித்தாள். "உனக்கு எதுக்கு இந்த வேலை? தலைவர் திட்டப் போறார்."

"மூணு பிரசவம்" என்றாள் பசிலிசா, மேலே பார்க்காமல். "மூணும் லேசு. வாயை மூடிக்கிட்டுக் குடி."

இருட்டுவதற்குள் தோன் சதூரியோ வந்து சமாதானம் பேசினார். உளி வேண்டாம். கல்லின் மேல் ஒரு சாக்கைக் கட்டிவிடலாம், பழுது பார்க்கிறோம் என்று ஆயரிடம் சொல்லிவிடலாம், திருநாள் முடிந்ததும் அவிழ்த்துவிடலாம்.

"கட்டிக்கங்க சாமி" என்றாள் காசில்தா. "சாக்கைக் கல்லுக்குத்தான் கட்ட முடியும்."

சாக்கு கட்டினார்கள். அங்கேதான் எங்கள் ஊர் புத்தி வேலை செய்தது. வரிசையாக முப்பது நாற்பது உருவம் இருக்கிற இடத்தில் ஒன்றை மட்டும் சாக்கு போட்டு மூடினால், வருகிறவன் வேறு எதைப் பார்ப்பான்? மறுநாள் பிரெஞ்சு விருந்தாளிகள் காரிலிருந்து இறங்கிப் பின்பக்கம் வந்ததும் எல்லாருடைய விரலும் சாக்கை நோக்கித்தான் நீண்டது. ஒரு அம்மாள் கேமராவை அதன் மேலேயே வைத்திருந்தாள். தோன் சதூரியோவின் நெற்றியில் வேர்த்தது.

ஆயர் உயரமானவர், ஒல்லியானவர், அதிகம் சிரிக்காதவர். முன்னால் ஒனோரினோ கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நடக்க, பின்னால் ஆயர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். தேவதூதன் வீடு ஆயிற்று. கழுதை வீடு ஆயிற்று. நாய் வீடு ஆயிற்று. காசில்தாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எந்த வீடு?"

தோன் சதூரியோ அவள் கண்ணைப் பார்த்துக் கெஞ்சினார். ஒனோரினோ கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவாடைக்காரி வீடு, ஆண்டவரே" என்றாள் காசில்தா. வயல் கடைசி வரைக்கும் கேட்டது.

ஆயர் சாக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தோன் சதூரியோ அவர் காதில் என்னவோ சொன்னார். ஆயர் தூக்கின கையை இறக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார். கல்லைக் கொத்தியிருந்தாலும் காசில்தாவுக்கு இப்படி வலித்திருக்காது.

"எந்த வீடு?" என்று ஆயர் பசிலிசாவைக் கேட்டார்.

பசிலிசா பேசவில்லை. ஊரில் அவள் பேசாமல் நின்ற நாளே கிடையாது.

"எந்த வீடும்மா? காது கேக்கலையா?"

"நல்லாக் கேக்குது ஆண்டவரே. என் முறை இன்னும் வரல."

"பசிலிசா, சொல்லு" என்று பல்லைக் கடித்தார் ஒனோரினோ.

"முந்தின வீட்டுக்குத் தீர்த்தம் விழல. விழாம நான் வாய் திறந்தா எங்க பீப்பாய் வத்திப்போகும். எங்க வீட்டுக்காரர் தாங்க மாட்டார், ஆண்டவரே."

ஆயர் அதற்கடுத்த வீட்டுக்குப் போனார். தீர்சோ தன் பூட்ஸைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். அதற்கும் அடுத்த வீடு. வாய் திறக்கவில்லை. வரிசை முழுக்க உதடு ஒட்டிப்போயிருந்தது. காசில்தா மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கோதுமை முற்றி அறுப்புக்கு நின்றது, முறை தவறினால் ஆலங்கட்டி மழை கொட்டும் என்ற பயம்தான் பாதிப் பேருக்கு. மீதிப் பாதிக்கு என்ன காரணம் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆயர் அப்புறம் திரும்பி நடந்து வந்து காசில்தாவுக்கு மேலே தீர்த்தத்தை வீசினார். சாக்கு நனைந்தது.

"சாக்குக்குக் கெடச்சாச்சு, ஆண்டவரே" என்றாள் அவள். தலை குனியவில்லை. "கல்லுக்கு விழணும்."

ஆயர் ஒனோரினோவின் பக்கம் திரும்பினார்.

"அதை எடுங்க."

கைக்கு எட்டுகிற உயரம் இல்லை. ஏணி கோயில் முன்பக்கம் இருந்தது. பக்கத்தில் இருந்தது ஒனோரினோ பிடித்திருந்த கொடிக்கம்பம் ஒன்றுதான்.

"கம்பம் உன் கையிலதான இருக்கு, தம்பி" என்றாள் காசில்தா. "தூக்கு."

தேவதூதன் வீட்டுக் கொடி மெல்ல மேலே போனது. கம்பத்தின் நுனி சாக்குக்கு அடியில் நுழைந்தது. ஊர்த்தலைவர், ஊர் பார்க்க, ஆயர் பார்க்க, பிரெஞ்சு அம்மாள் படம் பிடிக்க, பாவாடைக்காரியின் மேல் கிடந்ததைத் தூக்கினார். சாக்கு விழுந்தது. கல்லில் அவள் இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள். கூட்டத்தில் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரே சமயத்தில் வெடித்தது.

ஆயர் கல்லை ரொம்ப நேரம் பார்த்தார். முறைப்படி மறுபடி கேட்டார்.

"எந்த வீடு?"

"பாவாடைக்காரி வீடு."

தீர்த்தம் கல்லில் பட்டு, வழிந்து, அண்ணாந்திருந்த காசில்தாவின் முகத்தில் சொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. ஆயர் நகருவதற்கு முன்பே பசிலிசா "பீப்பாய் வீடு!" என்று கத்தினாள். சாப்பாடு முடிந்து எதிரில் வந்தபோது வழக்கம்போல், "காத்து பலமா அடிக்குது, பாத்துக்கடி!" என்றாள்.

அதற்கப்புறம் உளியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒனோரினோ அக்காவோடும் பேசவில்லை. கறுப்பி போய் அதன் கன்று வந்து, அதுவும் போயிற்று. யாத்திரைக்காரர்கள் அதிகமானார்கள். காசில்தா நாற்காலியைக் கல்லுக்குக் கீழே போட்டுக்கொண்டு, அண்ணாந்து சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரித்தாள். ஒரு மார்ச் மாதம், வயலில் பச்சை எட்டிப் பார்க்கிற நேரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

பெட்டியைக் கல்லுக்குக் கீழே இறக்கினார்கள். ஊர் ஓரளவுக்கு வந்திருந்தது. சாமியார் இளைஞர், வழக்கம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்.

"எந்த வீடு?"

பதில் இல்லை. பாவாடைக்காரி வீட்டில் யாரும் மிச்சமில்லை. பதில் வராவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டியதுதான், கல் அநாதை. சாமியார் சுற்றிலும் பார்த்தார். பெட்டி தூக்குகிறவர்கள் குனிந்தார்கள்.

ஒனோரினோ சுவர் வளைவுக்கு அந்தப் பக்கம், தேவதூதனுக்குக் கீழே, தன் மனைவி மக்களோடு நின்றிருந்தார். தலைவர் பதவி எல்லாம் போய், கையில் கைத்தடி. அவர் அங்கிருந்து கிளம்பினார். மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, சுவரைப் பிடித்தபடி வளைவைத் தாண்டி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

வாய்க்குள் என்னவோ முனகினார்.

"சத்தமா சொல்லு!" என்றாள் பசிலிசா. பல்லெல்லாம் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

ஒனோரினோ தொப்பியைக் கழற்றினார். அண்ணாந்து கல்லைப் பார்த்தார். யாரோடோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி கைத்தடியைத் தரையில் ஊன்றினார்.

"பாவாடைக்காரி வீடு!" என்றார்.

சாமியார் தீர்த்தத்தைத் தெளித்தார்.